முனியின் கைக்கு ஏறாத பிடி

துப்பாக்கிப் பிடியில் எண்ணெய் மணக்கலாம். கூடிப்போனால் பழைய தோலுறை மணக்கலாம். சந்தனமும் கற்பூரமும் மணக்கக் கூடாது. உன் வீட்டுக்காரி நேற்றுக் காலை ஹட்டனுக்கு பஸ் ஏறி வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போன பிஸ்கட் டின்னைத் திறந்ததும் முகத்தில் அடித்தது அந்த மணம்தான். உள்ளே சுற்றியிருந்த துணியைப் பிரிக்காமலே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அடப்பாவி" என்று வாய்விட்டே சொன்னேன். செத்தவனைப் பழிக்கக் கூடாதாம். உன் கருமாதிக்குப் போட்ட பந்தலை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை என்றும் கேள்வி. அதற்காக நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க முடியுமா?

பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. "அண்ணே, அவரு சட்டையெல்லாம் அடுக்கியிருந்த அலுமாரியில அடியில கெடந்துச்சு. ரிவோல்வருங்க எல்லாத்தையும் பொலிஸ்ல ஒப்படைச்சாச்சு. இதையும் காட்டுனேன். இது வெறும் மரம், எங்களுக்கு வேணாம்னுட்டாங்க. ஒங்ககிட்ட குடுத்தா என்னா ஏதுன்னு தெரியும்னு கொண்டாந்தேன்" என்றாள். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, மழை பிடிப்பதற்குள் வீடு போக வேண்டும் என்று எழுந்தாள். நான் பஸ் நிலையம் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னைக் கட்டிக்கொண்டு அவள் பட்டதே போதும்.

நீ யார் என்பதை உனக்கே ஒரு தடவை சொல்லிக் காட்ட வேண்டும் போலிருக்கிறது. பொகவந்தலாவைக்கு மேலே, நான் பிறந்த அதே லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் பிறந்தவன் நீ. உன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். நான் நுவரெலியாவில் அரசாங்கக் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். நீ தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, டீமேக்கர் ஐயா ஆனாய். அதுவரைக்கும் சரிதான். பென்ஷன் வாங்கி டிக்கோயாவில் வீடு கட்டியதும் உனக்குத் துரைப் பைத்தியம் பிடித்தது. அரைக் காற்சட்டை, முழங்கால் வரைக்கும் மேஜோடு, தலையில் ஒரு தொப்பி. நம் ஆட்களைத் தலைமுறை தலைமுறையாக, விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்க வைத்து ஏசிய வெள்ளைக்காரத் துரைமாரின் உடுப்பை, அவர்கள் கப்பலேறி எத்தனையோ காலத்துக்குப் பிறகு, நீ தைத்துப் போட்டுக்கொண்டாய். உடுப்போடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அவர்கள் இடுப்பில் கட்டித் திரிந்த ரிவோல்வர்களையும் தேடத் தொடங்கினாய்.

இந்த நாட்டில் ரிவோல்வர் சேர்ப்பது தபால் முத்திரை சேர்ப்பது மாதிரி இல்லை. குழலை அடைக்க வேண்டும். லைசன் எடுக்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வைத்திருப்பவன் போய்ச் சேர்ந்தால் எல்லாவற்றையும் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். இத்தனைக்கும் சிங்களத்தில் விண்ணப்பம் எழுத ஓர் ஆள் தேவை. அதற்காகத்தான் என்னைக் கூட்டாளியாக வைத்திருக்கிறாய் என்று நான் உன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "பின்ன ஒன்னோட அழகுக்கா?" என்று கேட்டாய். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

குழலை நீ பார்த்ததே கிடையாது. உன் கண்ணெல்லாம் பிடியில்தான். "இரும்பை எவன்டா மாத்துவான்? மாத்துறது பூராப் பிடியைத்தான்" என்பாய். பிடிதான் வெடிக்கும், உடையும், பூச்சி அரிக்கும். இங்கிலாந்திலிருந்து வேறு பிடி வருவதற்குள் துரை ஊருக்கே போய்விடுவான் என்பதால், தோட்டத்து ஆசாரி கையில் கிடைத்ததை வைத்து ஒன்றைச் செய்து மாட்டிவிடுவார். தேயிலை வேர்க்கட்டை, மான்கொம்பு, கருங்காலி, எதுவானாலும் ஆகும். எது அசல், எது ஆசாரி வேலை என்று கண்டுபிடிப்பதுதான் உன் வித்தை. முதலில் முகர்வாய். பிறகு மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுவாய். அசல் என்றால் நகம் எங்கும் தட்டாது. பிறகு கை வழுக்காமலிருக்க மரத்தில் போட்ட வரிவெட்டு, உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பாய். கடைசியில் பிடியைக் கழற்றி உள்ளே பார்ப்பாய். இரும்பில் இருக்கும் நம்பர் மரத்தின் உள்ளேயும் இருந்தால் அசல். அதற்குமேல் எவனுக்கும் பேச்சில்லை.

இதில் நீ கெட்டிக்காரன்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வைத்துக்கொண்டு நீ செய்ததுதான் எனக்குப் பிடிக்காது. மஸ்கெலியாவில் அந்தப் பழைய கணக்கப்பிள்ளை வீட்டை நினைத்துப் பார். அவருடைய தகப்பனுக்குத் துரை கொடுத்த ரிவோல்வரில், துப்பாக்கி எப்போதோ அரசாங்கத்துக்குப் போய், வெள்ளைப் பிடி மட்டும் மிஞ்சியிருந்தது. தந்தம் என்று வீடே நம்பிக் கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத் துணி விரித்து வைத்திருந்தார்கள். ஆசையாகக் காட்டினார் மனிதர். அவர் உன்னிடம் அபிப்பிராயம் கேட்கவே இல்லை. நீ பாட்டுக்கு ஊசியை மெழுகுதிரியில் காய்ச்சி, பிடியின் அடியில் வைத்தாய். தந்தத்தில் சூட்டு ஊசி இறங்காது. இது வெண்ணெய் மாதிரி இறங்கியது.

"பிளாஸ்டிக்குங்க. கடையில சீப்பு விக்கிறானே, அந்தச் சாதி" என்றாய். டீ ட்ரேயோடு வந்த அவர் மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டார். கணக்கப்பிள்ளை பெட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். நீ எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டாய். நீர்த்தேக்கத்தைப் பார்த்த மாதிரி இருந்த கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டே, "தந்தமாம் தந்தம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அந்த மனிதருக்கு இனி அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஊசிதானே ஞாபகம் வரும் என்று கேட்டேன். பிடி தெரியாதவன் பிடி வைத்திருக்கக் கூடாது என்றாய். களவெடுத்தவனைக்கூட நீ அவ்வளவு இளக்காரமாகப் பேசியதில்லை.

நல்லதே நீ செய்ததில்லையா என்றால், செய்தாய். அதையும் திட்டிக்கொண்டேதான் செய்தாய். பட்டிப்பொலயில் ஒருவர் வீட்டுக் கத்திக்கு மான்கொம்பு ரிவோல்வர்ப் பிடியைக் கைப்பிடியாகப் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ரயிலேறி என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். இறங்கியதும் எனக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. உன் கழுத்து மப்ளரைக் கழற்றி என் கழுத்தில் சுற்றினாய். "வெறைச்சுச் செத்துத் தொலைஞ்சா ஒன்னைய யாருடா ஸ்டேசன் வரைக்கும் தூக்குறது?" என்றாய். அந்த மப்ளரைத்தான் இப்போதும் போட்டிருக்கிறேன். ஹட்டன் குளிருக்கு வேறு வழியில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

இனி முனிக்கு வருவோம்.

நம் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில், சவுக்கு மரத்தடியில் நிற்கும் முனியை நமக்குத் தவழ்ந்த காலத்திலிருந்தே தெரியும். மற்ற தோட்டத்து முனிகள் அரிவாள் வைத்திருப்பார்கள். நம் முனியின் கையில் ரிவோல்வர். அந்தக் காலத்தில் ஒரு துரை அந்தி நேரத்தில் குதிரையில் வந்தானாம். முனி வழியை மறித்தாராம். துரை சுட்டானாம். குதிரை நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அன்றிலிருந்து துரைக்கு ஓயாத காய்ச்சல். கடைசியில் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க நடந்து வந்து, ரிவோல்வரை முனியின் காலடியில் வைத்தானாம். நிஜமா பொய்யா என்பது முனிக்குத்தான் வெளிச்சம். பிற்பாடு சிமெந்தில் சிலை கட்டியவர், அந்த ரிவோல்வரையே வலது கைக்குள் வைத்து, அதைச் சுற்றி விரல்களை வார்த்துவிட்டார். பெருவிரல் பக்கமாகச் சரித்தால் வெளியே வரும். திருவிழாவுக்குத் திருவிழா பூசாரி அதை எடுத்து, எண்ணெய் காட்டி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து மறுபடி கையில் சொருகுவார். மலைக்குப் போகிற பெண்கள் கூடையோடு அங்கே ஒரு நிமிடம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் போவார்கள். என் அம்மாவும் போட்டுக்கொண்டாள், உன் அம்மாவும் போட்டுக்கொண்டாள்.

புதிதாக வந்த பொலிஸ் அதிகாரிக்கு இது காதில் விழுந்தது. சாமியானாலும் லைசன் இல்லாத ஆயுதம் வைத்திருக்க முடியாது என்றுவிட்டார். பூசாரி வேலாயுதம் பதறியடித்து உன்னைத்தான் தேடி வந்தார். அன்றைக்கு நீ ஒழுங்கான காரியம் செய்தாய், சொல்ல வேண்டும். என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனாய். நான் சிங்களத்தில் பேசினேன். ரிவோல்வர் உன் லைசனில் உன் வீட்டில் இருக்கும், குழலை அடைத்துவிட வேண்டும், திருவிழா அன்று மட்டும் முனியின் கைக்குப் போகலாம் என்று முடிவானது. அந்த விண்ணப்பங்களையும் நான்தான் எழுதினேன். எழுதி எழுதி அதன் நம்பர் எனக்கு மனப்பாடம். பூசாரி அதைத் துண்டில் ஏந்தி உன்னிடம் கொடுத்தபோது, "சாமி கையில இருந்து ஒங்க கைக்கு வருதுங்க. கொண்டுபோன மாதிரியே கொண்டாந்துருங்க ஐயா" என்றார். அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

கொஞ்ச நாள் கழித்து உன் வீட்டுக்கு வந்தேன். மேசையில் விரித்த பேப்பரின் மேல் முனியின் ரிவோல்வர் பிடியில்லாமல் மொட்டையாகக் கிடந்தது. ஒரே கட்டையில் குடைந்த அந்தக் கறுத்த பிடியை நீ இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினாய்.

"கருங்காலிடா. ஆசாரி வேலை. இந்த ரிவோல்வருக்கு வோல்நட்டு மரம், வரிவெட்டோட வந்திருக்கணும். இது மொழுமொழுன்னு கெடக்கு பாரு" என்றாய்.

உள்ளே நம்பர் இருக்கிறதா என்று பார்த்தாயா என்றேன். உள்ளே பூராவும் சந்தனமும் துருவும் அடைத்துக் கிடக்கிறது, இதற்குப் போய் மெனக்கெட வேண்டுமா என்றாய். ஊரில் உள்ள பிடிகளையெல்லாம் முகர்ந்தவன், நகம் ஓட்டியவன், ஊசி வைத்தவன், நம் முனியின் பிடியை மட்டும் பார்த்த பார்வையிலேயே தள்ளினாய். லயத்துச் சனம் எண்ணெய் பூசிக் கும்பிட்டது எப்படித் துரையின் அசலாக இருக்கும் என்று நினைத்தாய். அதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை. அசலோ போலியோ, அது முனியின் பிடி, கழற்றினதை மாட்டிவிடு என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால். இங்கிலாந்திலிருந்து பார்சலில் வரவழைத்த புதுப் பிடியைக் காட்டினாய். அசலுக்கு அசல் மாதிரியே செய்ததாம். சாமிக்கு நல்லதாகவே செய்வோம் என்றாய்.

திருவிழாவை நான் எப்படி மறப்பேன்? தப்பு மேளச் சத்தம் மலையெல்லாம் கேட்கிறது. நீ மேஜோடும் தொப்பியுமாக, தாம்பாளத்தில் ரிவோல்வரை ஏந்திக்கொண்டு வந்தாய். பளபளவென்று இருந்தது. பூசாரி கண்ணை மூடிக் கும்பிட்டு வாங்கி, முனியின் கைக்குள் சரித்தார். போகவில்லை. இந்தப் பக்கம் சரித்தார், அந்தப் பக்கம் சரித்தார். உன் இங்கிலாந்துப் பிடி கொழுத்துப் போயிருந்தது. பெருவிரலைத் தாண்டவே மாட்டேன் என்றது. தப்பு ஒவ்வொன்றாக நின்றது.

"ஐயா, சாமி கைக்கு ஏறலீங்க" என்றார் பூசாரி. பிறகு அவரே தணிந்த குரலில், லேசாக அரம் போட்டால் ஏறிவிடும் என்றார். அரமா, இதிலா என்று நீ தாம்பாளத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாய். அப்புறம் சொன்னாய் பார், அந்த வார்த்தையை.

"சாமி வெரலை லேசா செதுக்கிட்டாப் போதும்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. பார்சலில் வந்த மரத்தில் அரம் படக் கூடாதாம், முனியின் விரலில் உளி படலாமாம். கூட்டத்திலிருந்து ஒரு கிழவி முன்னால் வந்து, குனிந்து மண்ணை அள்ளி உன் காலடியில் தூற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். உன் மேஜோட்டில் மண் பட்டது. நீ அதைத் தட்டிவிட்டுக்கொண்டாய். அந்த வருடம் முனி கையில் ஒரு செவ்வரத்தம் பூவோடு நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசாரி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தார். நானும் ஹாலில் இருந்தேன். அவர்கள் சண்டைக்கு வரவில்லை. பழைய பிடியை மாட்டிக் கொடுத்தால் போதும், நடந்ததை மறந்துவிடுகிறோம் என்று கும்பிட்டுக் கேட்டார்கள். உனக்கும் அப்பாடா என்றுதான் இருந்திருக்கும். இருங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். போனவன் போனவன்தான். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் வந்தபோது உன் கையில் ஒன்றுமில்லை. துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே வந்தாய். டர்ப்பன்டைன் மணந்தது.

"அதை எரிச்சிட்டேன். வெந்நி அடுப்புல போட்டது மறந்துபோச்சு" என்றாய். கேட்டவர் பூசாரி. ஆனால் நீ பார்த்தது என்னை.

பூசாரி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். சாமி பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னார். அவர்கள் படியிறங்கியதும் நானும் இறங்கினேன். நீ மனுசனே இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். அதற்குப் பிறகு உன் பிணத்தைப் பார்க்கத்தான் அந்தப் படி ஏறினேன்.

தோட்டத்தில் என்ன நடந்தது என்று உனக்கும் தெரிந்திருக்கும். யாரோ பஜாரில் விற்கும் விளையாட்டுத் துப்பாக்கியை வாங்கிப் போய் முனியின் கையில் வைத்தார்கள். பூசாரி அதைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார். மலையில் யாரையாவது குளவி கொட்டினால், சாமி வெறுங்கையோடு நிற்கிறது, வேறென்ன நடக்கும் என்பார்கள். கையோடு உன் பெயரும் வரும். பொகவந்தலாவை பஜாரில் உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு நீ அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று திரிகிற சாதி நீ, அதனால்தான் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். பிடியை நிஜமாகவே எரித்துவிட்டாய் என்று நானும் நம்பினேன்.

நேற்று டின்னிலிருந்த துணியைப் பிரித்தேன். வெளிச்சத்துக்காக ஜன்னலருகில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்தேன். பிடி கன்னங்கரேல் என்று இருந்தது. அடியில் ஒரு மூலையில் மட்டும், நகமளவு இடம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அந்த நகமளவு இடத்தில் வோல்நட் மரத்தின் பழுப்பு நிறம். குறுக்கும் நெடுக்குமாக, கூர் மழுங்காத வரிவெட்டு. கருங்காலியாவது மண்ணாங்கட்டியாவது. எத்தனையோ திருவிழாவின் எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் வெட்டுக்குள் இறங்கி, இறுகி, மரத்தையே மறைத்திருக்கின்றன. பிடியைத் திருப்பி உட்குழிவைப் பார்த்தேன். அங்கேயும் ஓர் இடம் சுரண்டியிருந்தது. நம்பர் இருந்தது. நான் எழுதி எழுதி மனப்பாடமான அதே நம்பர்.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை டர்ப்பன்டைன் எனக்குப் புரிந்தது. நீ கொடுக்கத்தான் எடுத்திருக்கிறாய். கொடுக்குமுன், பழக்க தோஷம், ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்திருக்கிறாய். அசல். மலைநாட்டில் நீ கண்ட பிடிகளிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத அசல் அதுதான். அதைத்தான் நீ போலி என்று கழற்றினாய். அதற்குத்தான் ஒரு போலியை அசல் என்று மாட்டினாய். சரி, அப்படியே கொண்டுவந்து கொடுத்திருக்கலாமே? பூசாரிக்கு வரிவெட்டைப் பற்றி என்ன கவலை? பிரச்சினை பூசாரி இல்லை. ஹாலில் நான் உட்கார்ந்திருந்தேன். நான் அதை வாங்கித் திருப்பிப் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். மஸ்கெலியாக் கணக்கப்பிள்ளையின் முகம் உன் கண்ணுக்குள் வந்திருக்கும். அந்த முகத்தோடு என் முன்னால் நிற்க உன்னால் முடியவில்லை. சாமிக் குத்தம் வந்தால் வரட்டும், ஊர் மண்ணை வாரித் தூற்றினால் தூற்றட்டும், பிடி தெரியாதவன் என்று இவன் வாயில் மட்டும் விழக் கூடாது என்று முடிவு செய்தாய். இதைவிடக் கேவலமான ஒரு காரணத்தை என் ஆயுளில் நான் கேட்டதில்லை. த்தூ. எரித்தேன் என்று சொன்னவன் நிஜமாகவே எரித்தாவது இருக்கலாம், அதற்கும் உனக்குத் தைரியம் வரவில்லை. சட்டைக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டு, தினமும் சட்டையை எடுக்கும்போது அந்தச் சந்தன மணத்தை மோந்துகொண்டே செத்துப் போயிருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆத்திரத்தில் வந்த அழுகை.

இன்று காலை பிடியைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். பொகவந்தலாவையில் இறங்கி மேல்கணக்குக்கு நடந்தேன். பூசாரி இப்போது கோல் ஊன்றித்தான் நடக்கிறார். நான் துணியைப் பிரித்ததும் அவர் கண்ணால் பார்ப்பதற்கு முன் மூக்கில் வைத்தார். முனியின் முன்னால் போய் நின்று, பெருவிரல் பக்கமாகச் சரித்தார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இரும்பு இல்லை, குழல் இல்லை, வெறும் பிடி. ரிவோல்வர் இனி வராது. அது ஸ்டேசன் அலுமாரியில் உன் கொழுத்த இங்கிலாந்துப் பிடியோடு கிடக்கிறது. ஆனாலும் முனியின் விரல்களுக்கு நடுவில் இப்போது சந்தில்லை.

"எரிச்சிட்டேன்னு எங்க முகத்துக்கு நேரா சொன்னாருங்களே" என்றார் பூசாரி.

பஸ்ஸில் வரும்போதே எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். தப்பாகக் கணித்ததை, அசலைக் கழற்றியதை, வெட்கப்பட்டு ஒளித்ததை, ஒன்று விடாமல் சொல்லிவிடுவது என்றுதான் மலை ஏறினேன். வாயைத் திறந்தேன்.

"பொலிஸ்ல இதையும் கேட்டு வாங்கிருவாங்கன்னு பயந்துதான் அப்படிச் சொன்னாரு. சாமி சொத்துன்னு பத்திரமா வச்சிருந்தாரு" என்றேன்.

"மனுசனை என்னென்னமோ பேசிட்டோமுங்க" என்று பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். வருகிற திருவிழாவில் முதல் அர்ச்சனை உன் பெயருக்காம். நட்சத்திரம் என்ன என்று கேட்டார். சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கேட்டுக்கொள், வெட்கங்கெட்டவனே.

திரும்பப் போகிறேன் என்றபோது, பிடியின் அடியில் ஒரு மூலை வெளுத்திருப்பதைப் பூசாரி கண்டுவிட்டார். என்னவோ உரிந்த மாதிரி இருக்கிறதே என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கிண்ணத்திலிருந்து சந்தனத்தை வழித்து அந்த இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மேலே ஒரு பொட்டுக் குங்குமம். நீ துடைத்துப் பார்த்த இடம் மறைந்து போயிற்று. இரண்டு மூன்று திருவிழா போனால் மற்ற இடம் மாதிரியே கறுத்துவிடும். அப்புறம் எவன் பார்த்தாலும் கருங்காலி என்றுதான் சொல்வான்.

உனக்காகப் பொய் சொன்னேன் என்று இளிக்காதே. ஊர் உன்னைக் கும்பிட்டுவிட்டுப் போகட்டும். உன்னை இகழ்வதற்கு நான் ஒருவன் போதும், அந்த வேலையை வேறு யாருக்கும் பங்கு கொடுக்க எனக்கு மனமில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. உன் மப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டேன். என் கையில் இன்னும் சந்தனம் மணக்கிறது.

மடையா, அன்றைக்கு அதை அப்படியே கொண்டுவந்து என் கையில் கொடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஒரு நாள் சிரித்திருப்பேன். மறுநாள் இரண்டு பேரும் மஸ்கெலியாவுக்கு வடை தின்னப் போயிருப்போம்.